மெத்தைக்குள் இருந்தது

எங்கள் தலைப்பிள்ளைக்கு மெத்தை தைக்க, மலையில் நாங்களே பொறுக்கிய இலவம்பஞ்சைக் கொட்டை நீக்கி, சந்தவாசல் ஊரில் பழகிய கடைக்காரரிடம் கொடுத்தோம்.

“கவலைய வுடு மாப்ளே, புள்ள ராஜாவாட்டம் தூங்கும்” என்றார்.

வாங்கும்போது மேல்துணியை இழுத்துப் பார்த்தோம், தையலைத் தடவிப் பார்த்தோம். கெட்டிக்காரர்கள்தான் நாங்கள்! உள்ளே பார்க்கத் தோன்றவில்லை. மாப்ளே என்று கூப்பிடுகிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

படுக்கவைத்தாலே பிள்ளை வீறிட்டான். மூன்றாம் நாள் மனைவி தையலைப் பிரித்தாள். அத்தனையும் கந்தல் துணி.

“நம்ம பஞ்சு எங்கங்க?” என்றாள்.

மறுவாரம் கடைக்குப் போனேன்.

“இன்னா மாப்ளே, பையன் தூங்குறானா?”

“பிரிச்சுப் பாத்துட்டோங்க.”

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. “அதுக்கின்னா, பஞ்சு கொண்டா மாப்ளே, வேற தெச்சுத் தர்றேன்.”

அப்போதும் மாப்ளேதான்.