வளையமும் கம்பியும், நடுவில் காபியும்

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் ஆடி மாதம். அப்போது நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, ஒரகடம் பக்கம் இருக்கும் கம்பெனி ஒன்றில் டிரெய்னியாக இருந்தேன். காருக்குள் போகிற சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகள் செய்கிற இடம். பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த என்னை போர்டு செய்கிற லைனில் உட்கார வைக்கலாமா என்று பார்க்க ஒரு டெஸ்ட் வைத்தார்கள். தேறினால் வேலை தொடரும். தேறாவிட்டால் மாதக் கடைசியில் கோவில்பட்டிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அம்மா வேறு போனில், "வேல போனா போகுது, ஒரு மாப்பிள்ள வந்திருக்கு, நீ கெளம்பி வா" என்று ஆறுதல் சொல்லியிருந்தாள். அந்த ஆறுதலுக்குப் பயந்தே எப்படியாவது தேறிவிட வேண்டும் என்றிருந்தேன்.

டெஸ்ட் என்றால் பேனா பிடிக்கிற பரீட்சை இல்லை. மேஜைமேல் ஒரு கம்பி, மலைப்பாதைபோல வளைந்து நெளிந்து நிற்கும். அதில் கோத்திருக்கும் ஒரு வளையத்தை, கம்பியில் படாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டால் பஸ்ஸர் அலறும். கை நிதானத்தைச் சோதிக்கிறார்களாம். எனக்குக் கை நிதானத்தில் சந்தேகமே கிடையாது. துணி மாட்டுகிற ஹேங்கரை வளைத்து, என் வளையலை வைத்து, அறையில் ஒரு வாரமாகப் பழகியிருந்தேன்.

கெடுத்தது என் மேல் எல்லோரும் வைத்திருந்த பிரியம்தான்.

முந்தின நாள் சாயங்காலம் அறைத் தோழி, பழகுவதற்குத் தெம்பு வேண்டும் என்று திக்காகக் காபி போட்டுக் கொடுத்தாள். அதனால் தூக்கம் சரியாக வரவில்லை. காலையில் கண் எரிந்தது, பயத்தில் இட்லி தொண்டையில் இறங்கவில்லை. தட்டை அப்படியே நகர்த்தி வைத்ததைப் பார்த்த விடுதிக்கார அக்கா பெரிய டம்ளர் நிறையக் காபியோடு வந்துவிட்டார்.

"வெறும் வயித்தோட போவாத கண்ணு. இத்த குடிச்சிக்கினு போ."

எங்கள் ஊர்ப்பக்கம், நீட்டிய காபியை வேண்டாம் என்றால் அது காபியைச் சொன்னதாக ஆகாது. நீட்டியவரைச் சொன்னதாகிவிடும். குடித்தேன். கம்பெனி பஸ் ஏறுகிற இடத்தில் பேக்கிங் தோழிகள் கடைக்கு இழுத்துப்போய், "பாஸானா நீதான் டிரீட் தரணும்" என்று ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். அதையும் குடித்தேன். கம்பெனிக்குள் போனால் எங்கள் பேக்கிங் லீடர் மெஷின் காபியோடு நிற்கிறார். மெஷின் காபிக் கப் இருமல் மருந்து மூடியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அதை எங்கள் கம்பெனியில் யாரும் காபி என்றே சேர்ப்பதில்லை. அதனால் ஆளாளுக்கு ஒன்று கொடுத்தார்கள். நானும் சாமி பிரசாதம்போல வாங்கி வாங்கிக் குடித்தேன்.

டிரெய்னிங் ரூமுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது இதயம் காதுக்குள் அடிக்க ஆரம்பித்தது. அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் என் குடும்பக் கதை முழுவதையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவள் மெதுவாக எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள்.

என் முறை வந்தது. டிரெய்னர் சார் பக்கத்துப் படப்பை ஊர்க்காரர், கெடுபிடியான மனுஷர். மேஜையில் எப்போதும் அவருக்கென்று ஒரு பெரிய காபி மக் இருக்கும். நான் வளையத்தைத் தொட்டதுதான் தாமதம், பஸ்ஸர் கத்தியது. கையை எடுத்துவிட்டு மறுபடி பிடித்தேன். மறுபடி கத்தியது. என் விரல்கள் எனக்குச் சொந்தமானவை மாதிரியே இல்லை. அடுத்த ரூமிலிருந்து ஃபயர் அலாரமா என்று கேட்டு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கையா இது? குளுர் ஜுரமா உனக்கு?" என்றார் சார்.

பயந்துபோய்க் கம்பெனி நர்ஸை வரச் சொன்னார். மணிமங்கலத்திலிருந்து வருகிற அக்கா அவர். என் நாடியைப் பிடித்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"காலைல இன்னா சாப்ட?"

"காபிக்கா."

"சரி, அத்தோட?"

"காபி."

"அப்பால?"

"மெஷின் காபி."

அக்கா என் கையை விட்டுவிட்டு சார் பக்கம் திரும்பினார். "ஜுரமும் இல்ல ஒண்ணும் இல்ல சார். வெறும் வயித்துல இவ்ளோ காபிய ஊத்தினா கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். தூக்கம் வேற இல்ல போல. நாளைக்கு வெச்சிப் பாருங்க."

சார் ஒப்புக்கொள்ளவில்லை. காபி குடித்தால் கை நடுங்குமா, நான் குடிக்காத காபியா என்று ஃபெயில் போடப் பேனாவை எடுத்துவிட்டார். எனக்குக் கோவில்பட்டி பஸ்ஸும் மாப்பிள்ளையும் ஒன்றாகக் கண்முன்னே வந்து நின்றார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நர்ஸ் அக்கா சிரிக்காமல் சொன்னார்: "அப்போ நீங்க ஒரு தபா செஞ்சி காட்டுங்க சார். பொண்ணு பாத்துக் கத்துக்கட்டும்."

சார் மக்கைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கம்பீரமாக வளையத்தைப் பிடித்தார். பஸ்ஸர் எனக்குக் கத்தியதைவிட நீளமாகக் கத்தியது. சிரிக்கக் கூடாது என்று நான் உதட்டைக் கடித்த கடியில் ரத்தமே வந்திருக்கும். சார் கம்பியை மேலும் கீழும் பார்த்தார். "கம்பி லூசா கீது. மெயின்டெனன்ஸ்ல சொல்லணும். நாளைக்கு வா" என்றார்.

மறுநாள் காலைதான் உண்மையான பரீட்சை. நீட்டுகிற ஒவ்வொரு டம்ளரையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. விடுதிக்கார அக்கா, "ஏன், என் காபி நல்லா இல்லியா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். அவர் சமாதானமாகட்டும் என்று இட்லியைக் கூடுதலாகவே சாப்பிட்டேன். தோழிகள் எனக்கு இப்போதே லைன்காரி என்ற திமிர் வந்துவிட்டது என்றார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

டிரெய்னிங் ரூமில் சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் மக்கைக் காணோம். அவரும் அன்றைக்குக் காபி குடிக்காமல் வந்திருக்கிறார், பழகின உடம்பு சும்மா இருக்குமா, மண்டை பிளக்கிற தலைவலி. "சத்தம் மட்டும் வராம பாத்துக்கம்மா" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். வளையத்தைப் பிடித்தேன். கை என் கையாகவே இருந்தது. அந்த முனை வரைக்கும் பஸ்ஸர் ஒரு முனகல்கூட முனகவில்லை. நான் வேலை பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டேன், அவர் தலை பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டார்.

பாஸ் என்று எழுதிவிட்டு நேராக மெஷினுக்கு ஓடினார். திரும்பி வரும்போது கையில் இரண்டு கப். ஒன்றை என்னிடம் நீட்டி, "இந்தா, கங்கிராட்ஸ்" என்றார்.

வேண்டாம் சார் என்றேன். குரல் நடுங்கியது, கை நடுங்கவில்லை.

இன்றும் அந்த லைனில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காபியையும் விட்டுவிடவில்லை, இட்லிக்கு அப்புறம் ஒரே ஒரு டம்ளர். பிரியமாக நீட்டுகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம், வளையத்தைக் கம்பியில் படாமல் நகர்த்துகிற அதே நிதானம்தான் இதற்கும் வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.