போலந்துக்குச் சொன்ன 'வரணும்'

கோவில்பட்டியில் ஆறுமுகசாமியின் பலசரக்குக் கடையில் எல்லாம் கிடைக்கும், 'இல்லை' என்கிற சொல்லைத் தவிர. சீனி தீர்ந்து சாக்கு மடித்து வைக்கப்பட்டிருக்கும். கேட்டால் "வரணும்" என்பார். சரக்கு இனிமேல்தான் வரவேண்டும் என்று பொருள். மெழுகுவர்த்தி? "வரணும்." ஒருமுறை வம்புக்கென்றே ஒருவர் ஒட்டகப்பால் கேட்டார். ஆறுமுகசாமி மேல்தட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வரணும் அண்ணாச்சி" என்றார். அண்ணாந்து பார்த்தார் பாருங்கள், அங்கேதான் தொழில் நிற்கிறது.

'இல்லை' என்ற சொல் கடைக்குள் கேட்டால் லட்சுமி கிளம்பிவிடுவாள் என்ற பயம் அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் பலருக்கும் உண்டு. மற்றவர்கள் அந்தப் பயத்தைப் போணி ஆகும்வரை வைத்திருந்து, முதல் வியாபாரம் முடிந்ததும் இறக்கி வைத்துவிடுவார்கள். இவர் கடை சாத்தும்வரை சுமந்தார். வாடிக்கைக்காரர்களுக்கும் பழகிவிட்டது. அவர் வாயில் 'வர' வரும்போதே அவர்கள் அடுத்த கடைக்குப் பாதி வழி போயிருப்பார்கள்.

இந்த மனிதரைத்தான் போலந்தில் கடை வைக்கக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவன் மாதவன், மனைவி சுதாராணியின் தம்பி. போலந்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பெட்டி அடுக்கும் வேலை. அவன் இருக்கும் ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால் அச்சுக் கோப்பவர் சண்டைக்கு வருவார், ஆகையால் விட்டுவிடுவோம். அங்கே ஒரு தெருமுனையில் சின்னக் கடை ஒன்று காலியாகிறதாம். நடத்திவந்த அம்மாளுக்கு வயதாகிவிட்டதாம்.

"அத்தான், இந்தச் சுத்துவட்டாரத்துல நம்ம ஆளுவளுக்குன்னு ஒரு கட கெடயாது. ஒரு கட்டு அப்பளத்துக்கு ரயில் ஏறிப் போறாவ. நீங்க வந்து உக்காந்தா போதும். சரக்க நான் எறக்குமதி பண்ணிருவேன்" என்று வீடியோவில் சொன்னான். பின்னால் பனி பெய்துகொண்டிருந்தது.

"வெள்ளக்காரன் வாங்குவானாலே?"

"அவன் எதுக்கு வாங்கணும்? நம்ம ஆளுவ வாங்குனாலே போதும். ஒண்ணு மட்டும், ஒவ்வொரு பொட்டலத்துலயும் அவிய பாஷையில பேரு ஒட்டணும்."

"கருப்பட்டிக்கு அவிய பாஷையில என்னலே?"

"பேரு கெடயாது அத்தான். வெளக்கந்தான் எழுதணும்."

அன்றிலிருந்து ஆறுமுகசாமியால் முக்காலியில் உட்கார முடியவில்லை. உட்கார்வார், எழுந்திருப்பார். உளுந்து மூட்டையை வடக்கே நகர்த்துவார். வடக்கே போன உளுந்து வாட்டமாக இருப்பதாகப் பட்டு, திரும்பத் தெற்கே இழுப்பார். இருபத்திரண்டு வருஷமாகக் கைப்பழக்கத்தில் எடை போட்ட மனிதர், துவரம்பருப்பைத் தராசில் கொட்டிவிட்டு அது எதற்கு அங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்துத் தெருவில் குளிரூட்டிய பெரிய கடை ஒன்று வந்திருந்தது. அங்கே ஜனங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள், யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. இவர் கடைக்கு அங்கே மறந்துபோனதை வாங்கத்தான் வருகிறார்கள். அதை நினைத்தால் போலந்துக்குப் போகலாம் என்றிருக்கும். உடனே குளிர் ஞாபகம் வரும். கோவில்பட்டியில் மார்கழிக்கே காதில் துண்டைக் கட்டிக்கொள்கிறவர். ஒரு கல்யாணத்துக்குச் சென்னைக்குப் போனவர், பந்தி முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டார். கேட்டதற்கு, அந்த ஊர்த் தண்ணி தொண்டையில் நிற்கிறது என்றார்.

தண்ணீரில் ஆரம்பித்து மறுபடி குளிர்வரை வருவார். அதற்குள் உளுந்து வடக்கே போயிருக்கும்.

வருகிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்டார். நாகலாபுரத்திலிருந்து மிளகாய் வத்தல் கொண்டுவரும் கொம்பையா ஒரு மழைநாளில் வந்தார். செருப்பில் கரிசல் மண் அப்பி, வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை உயரமாக இருந்தார். மண் காலை விடமாட்டேன் என்கிறது என்று இதற்கு யாரும் அர்த்தம் எடுக்க வேண்டாம். வெறும் சேறு, வாசலில் தேய்த்ததும் விட்டுவிட்டது.

"போலந்துன்னா எங்கிட்டு இருக்கு?"

"ஜெர்மனிக்கு அங்கிட்டு."

"ஜெர்மனி எங்கிட்டு இருக்கு?"

ஆறுமுகசாமி கையை மேற்கே நீட்டினார். கழுகுமலைப் பக்கமாக ரொம்ப நேரம் பார்த்துவிட்டு கொம்பையா கேட்டார்: "அந்தப் பனியில வத்தலு காயுமா அண்ணாச்சி?"

"காயப் போடவா போறேன்? விக்கப் போறேன்."

"அப்ப போறீய."

"போறேம்னு எப்பய்யா சொன்னேன்?"

"சரி, போகல."

"போகலன்னும் சொல்லலயே!"

கொம்பையா மூட்டையை இறக்கிவிட்டு, நடுவில் வாய் கொடுத்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டு போனார்.

சுதாராணியிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. அவள் தம்பி என்பதால் போகத்தான் சொல்வாள் என்று முதலில் நினைத்தார். தன்னை விட்டு இருக்க மாட்டாள், போகக்கூடாது என்றுதான் சொல்வாள் என்று பிறகு நினைத்தார். இரண்டையும் நினைத்துவிட்டதால் கேட்கும் வேலை முடிந்துபோனதாக ஆகிவிட்டது.

ஒரு காலையில், கடை திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருக்கும்போது, மாதவன் கூப்பிட்டான். அங்கே இன்னும் விடிந்திருக்காது, வேலைக்குக் கிளம்பும் அவசரம் குரலில் இருந்தது.

"அத்தான், அந்தக் கடக்காரம்மா வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேக்காவ. நீங்க வாரதுன்னா நான் அன்னைக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டு நின்னுருவேன். ஒரே வார்த்த. வாரீயளா, இல்லியா?"

ஆறுமுகசாமி சுற்றிலும் பார்த்தார். போணி ஆகவில்லை. சாம்பிராணிப் புகையில் லட்சுமி படம் லேசாக மறைந்து மறைந்து தெரிந்தது. அந்தக் காலையில் அவர் போகவேண்டாம் என்ற பக்கம்தான் இருந்தார். அதைச் சொல்லும் சொல் அந்தச் சுவர்களுக்குள் கிடையாது. வாய் தன் பழக்கத்துக்குத் திறந்தது.

"வரணும் மாப்பிள."

"அப்படிப் போடுங்க அத்தான்!" என்று மாதவன் கத்திய கத்தில் கைப்பேசி அதிர்ந்தது. "வரணும்னு சொல்லிட்டீயல்லா, இனி நான் பாத்துக்கிடுதேன்."

வைத்துவிட்டான். அவன் பாவம், சின்ன வயதிலேயே வெளியூர் போனவன், கடைப் பாஷை தெரியாது. கடைக்குப் பின்னால் வீட்டுக்குள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுதாராணிக்குத் தெரியும். சுளகு சத்தம் நின்றது. அதற்குப் பிறகு அவள் புருஷனோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைக்கும்போது வந்த சத்தம்தான் பேச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் மாதவன் ஒரு படம் அனுப்பினான். மூடிய கடைக்கு முன்னால் அவன் நிற்கிறான். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தாளில், கோணல்மாணலாக, தமிழில், 'ஆறுமுகசாமி ஸ்டோர்'. நாளை வேலையை விடப்போகிறவனின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

ஆறுமுகசாமிக்கு வேர்த்தது. தன் பெயர் தனக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்து, பனியில் நின்றுகொண்டிருக்கிறது. சட்டையை மாட்டினார். கடைக்குள் வைத்துச் சொல்ல முடியாத சொல்லை வெளியே போயாவது சொல்லிவிட வேண்டும்.

"எங்க போறீய?" சுதாராணி வாய் திறந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்."

எட்டயபுரம் ரோட்டில் விறுவிறுவென்று நடந்தார். ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். பக்கத்தில் பெட்டிக்கடை இருந்தது. அதுவும் ஒரு கடைதானே என்று தள்ளிப் போனார். அடுத்த இடத்தில் கரும்புச்சாறு வண்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் எவனாவது எதையாவது விற்றுக்கொண்டிருந்தான். கடைசியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் மதில் ஓரமாக வெறும் இடம் கிடைத்தது. கைப்பேசியை எடுத்தால், பின்னால் மூச்சு வாங்கும் சத்தம். சுதாராணி.

"கடைய யாரு பாக்கா?"

"பூட்டிட்டு வந்தேன். யாருக்கு என்ன சொல்லப் போறீய?"

"உன் தம்பிக்கு. இல்லன்னு."

"அதான் அன்னைக்கே சொல்லிட்டீயளே, வரணும்னு."

"அத அவன் வாரேம்னு எடுத்துக்கிட்டாம்ட்டி! நாளைக்கு வேலைய விடப்போறான்!"

சுதாராணி அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

"அப்ப நீ எதுக்கு எம்மேல கோவமா இருந்த? நான் போறேம்னு சொல்லிட்டேன்னுல்லா நெனச்சேன்."

"போகலன்னு சொல்லிட்டீயன்னு கோவம்! என்ட்ட ஒரு வார்த்த கேட்டீயளா? நாகலாபுரத்துக் கொம்பையாண்ணன்ட்ட கேக்கத் தெரிஞ்சுதுல்லா?"

"நான் போயிட்டா நீ என்ன செய்வ?"

"கடையில உக்காருவேன். அவன் எறக்குமதி எறக்குமதின்னு குதிக்கான். ஏத்துறதுக்கு இங்கன ஒரு ஆளு வேண்டாமா? வத்தலு, கருப்பட்டி, குதிரவாலி எல்லாம் தானா நடந்து தூத்துக்குடிக்குப் போயி கப்பல் ஏறுமா?"

ஆறுமுகசாமி யோசித்த யோசனைகளில் குளிர் இருந்தது, தண்ணி இருந்தது, தொண்டைகூட இருந்தது. அனுப்புகிற ஆள் என்று ஒன்று இருக்கவே இல்லை.

"அங்க போயிப் பிடிக்கலன்னா?"

"திரும்பி வாங்க. உங்க முக்காலிய நான் வித்துர மாட்டேன்."

"உனக்கு யாவாரம் ஓடுமா?"

"வந்து பாருங்க."

கடைக்குத் திரும்பியபோது பூட்டிய கதவு முன்னால் வேலுத்தாய் நின்றிருந்தாள். தினம் வருகிறவள். "கட்டிப் பெருங்காயம் இருக்கா அண்ணாச்சி?" என்றாள். பெருங்காயம் தீர்ந்துபோயிருந்தது. ஆறுமுகசாமியின் உதடு குவிந்தது. அதற்குள் சுதாராணி கதவைத் திறந்து, முக்காலியில் உட்கார்ந்து, சொன்னாள்:

"இல்லக்கா. நாளைக்கு வாங்கி வைக்கேன். இன்னைக்கு வேற என்ன வேணும்?"

அடுத்த கடையைப் பார்க்கத் தயாராக ஒரு காலைத் தூக்கியிருந்த வேலுத்தாய் தடுமாறி நின்றாள். அந்தக் கடையில் அவளை அப்படி யாரும் கேட்டதே கிடையாது. மேலே ஓடு அசையவில்லை. படத்தில் லட்சுமி இருந்த இடத்தில்தான் இருந்தாள். வேலுத்தாய் யோசித்துவிட்டு, "அப்ப கால் கிலோ மல்லி போடு. நாளைக்கும் வாரேன்" என்றாள்.

ஆறுமுகசாமி வாசலிலேயே நின்று மாதவனைக் கூப்பிட்டார்.

"மாப்பிள, அங்கன சரக்கு தீந்துட்டா வந்து கேக்கவன்ட்ட என்ன சொல்லணும்?"

"'நியே மா'ன்னு சொல்லணும் அத்தான். இல்லன்னு அர்த்தம். எதுக்கு?"

"நியே மா." ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நாக்கு சுடவில்லை. "நியே மா, நியே மா." வேலுத்தாய் திரும்பி, "நானேவா? நான் எதுக்கு அண்ணாச்சி?" என்றாள்.

"உன்ன இல்லம்மா!" என்றவர், கடை வாசலில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டதைக் கவனிக்கவில்லை. சுதாராணி கவனித்தாள், மல்லியைப் பொட்டலம் கட்டுவதில் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பக்கம் மாதவனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அக்கா இதற்குள் அவனுக்குக் கடைப் பாஷையை ஏதோ எழுதி அனுப்பியிருக்க வேண்டும். "அத்தான், ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீங்க. அன்னைக்கு வரணும்னு சொன்னீயளே, அது எந்த வரணும்? வீட்டு வரணுமா, கட வரணுமா? நாளைக்குக் காலைல அந்தக் கடக்காரம்மா முன்னால நான் போயி நிக்கணும்."

ஆறுமுகசாமி முக்காலியைப் பார்த்தார். அதில் இடம் இருக்கவில்லை. அடுத்த ஆளுக்கு உளுந்து எடுக்க சுதாராணி கையை வடக்கே நீட்டினாள், அங்கே இல்லை, தெற்கே திரும்பினாள், "இந்த மூட்ட ஏன் ஊரு ஊரா அலையுது?" என்றாள்.

"வாரேம்லே" என்றார் ஆறுமுகசாமி, கைப்பேசியில்.

சுதாராணி நிமிர்ந்து பார்த்தாள். கிளம்புகிறவன் அவளுக்குச் சொல்ல வேண்டியதும் அதே சொல்தான் என்பதால், கைப்பேசியை வாயிலிருந்து எடுத்து, அவள் பக்கமாக இன்னொரு தரம் சொன்னார்.