ரோபோவுக்கு அளவெடுத்தவள்

ரோபோவுக்குச் சட்டை தைத்தவள் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். டேப் அக்காவின் நாத்தனாரும் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள்.

கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்குவதால் வந்த பெயர் அது. பைக் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் விளையாட்டாகக் கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. அங்கே வேலை செய்யும் நானூறு பேருக்கும் சீருடை தைத்துக் கொடுத்தது அவள்தான். வீட்டு முன்னறையில் நான்கு தையல் மெஷின்கள். ஒன்றில் அவள், மற்றவற்றில் நாத்தனார், காஜா எடுப்பதில் கெட்டிக்காரியான பக்கத்து வீட்டுக்காரி, கூடப் படித்த தோழி. நான்கு வீட்டு அடுப்பும் அந்தச் சீருடையை நம்பித்தான் எரிந்தது.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாரையும் சும்மா நிற்கவைத்து அளவெடுக்க மாட்டாள். பாரம் தூக்குகிறவர் என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கச் சொல்வாள். வெல்டிங் வைக்கிறவர் என்றால் குனியச் சொல்வாள்.

"சும்மா நிக்கிறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க? வேலை செய்யறப்போ எப்படி இருப்பீங்களோ அப்படி நில்லுங்க" என்பாள். பெரிய மேனேஜர்கள்கூட அவள் எதிரில் கையைக் காலை ஆட்டிக் காட்டியிருக்கிறார்கள்.

பெயிண்ட் பிரிவுக்கு அளவெடுக்கப் போன ஒரு நாள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அந்த ஆளைப் பார்த்தாள். ஆள் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறாள். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஆறு மூட்டுள்ள ரோபோ. பெட்ரோல் டேங்குகளுக்குச் சாயம் தெளிப்பது அதன் வேலை. தன்மேல் சாயம் படியாமலிருக்க வெள்ளை உறை போட்டிருந்தது. உறையோ மணிக்கட்டில் கிழிந்து, அதன்மேல் ஒட்டு டேப், அந்த டேப்பும் கிழிந்து இன்னொரு டேப்.

"யாரு தைச்சது இந்தச் சட்டையை?" என்று கேட்டாள்.

ரோபோக்களுக்கு வேலை பழக்கும் டெக்னீஷியன், பேச்சுக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிற மனிதர், விவரமாகச் சொன்னார். உறை கப்பலில் வருகிறது. மூன்று வாரத்தில் கிழிகிறது. கிழிந்த நூல் பறந்து ஈரச் சாயத்தில் ஒட்டிக்கொள்கிறது. தினம் பத்து டேங்காவது சாயத்தைச் சுரண்டி மறுபடி அடிக்கத் திரும்பப் போகிறது.

"நிக்கவச்சு அளவெடுத்துட்டாங்க. அதான் கிழியுது. நான் ஒண்ணு தைச்சுப் பாக்கவா?"

பெயிண்ட் பிரிவின் மேற்பார்வையாளர் அதைக் கேட்டுவிட்டார். மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு அலைபவர். "இது மனுசன் இல்லக்கா. டேப் வச்சு அளக்கிற சமாச்சாரம் இல்ல" என்றார். ஆனால் டெக்னீஷியன் நச்சரித்து நச்சரித்து அனுமதி வாங்கிவிட்டார்.

ரோபோவை மெல்ல மெல்ல நகர்த்திக் காட்டினார். அது நீட்டியபோதும் மடக்கியபோதும் அக்கா அளந்தாள். நூல் எளிதில் பிரியாத துணியில் இரண்டே நாளில் தைத்து மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, மேற்பார்வையாளரே கிட்டே வந்து ஒரு முறை தடவிப் பார்த்தார்.

வேலை தொடங்கியது. பத்து சின்ன டேங்க் போனது. பதினோராவதாக வந்த பெரிய டேங்கின் அடிப்பக்கத்துக்குச் சாயம் அடிக்கக் கை கீழே போனது. மணிக்கட்டு திரும்பியது, மேலும் திரும்பியது, நிற்கவேயில்லை. இரண்டு முழுச் சுற்று! சட்டைக் கை ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு, இறுகி, டர்ரென்று கிழிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. இருபத்து மூன்று நிமிடம் லைன் நின்றது. சாயம் காயாமல் நின்ற ஒன்பது டேங்கில் நூல்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தப்பு அவளுடையதுதான். மனிதக் கை மாதிரி இருக்கிறதே என்று நம்பி, மணிக்கட்டு அரைச் சுற்றில் நின்றுவிடும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டிருந்தாள். அந்த ஆள் செய்கிற முழு வேலையையும் பார்க்காமல் அளவெடுத்திருந்தாள். ஊருக்கெல்லாம் சொன்னவள் தானே கோட்டைவிட்டாள்.

"போதுமாக்கா? போய் மனுசனுக்குத் தைங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"இன்னொரு தடவை பாக்கறேன் சார்."

"எதுக்கு? மறுபடி லைனை நிறுத்தவா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "இந்தத் தடவை ஒரே ஒரு நூல் டேங்குல இருந்தாலும், சீருடை வேலையை வேற யாருக்காவது குடுத்துடுங்க. நான் கேக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பணயம் வைத்தது அவள் வேலையை மட்டுமா? மூன்று பெண்களின் வேலையையும் சேர்த்தல்லவா? மேற்பார்வையாளரோ சரியென்று தலையை ஆட்டிவிட்டார். அவள் வீட்டில் வாயே திறக்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் அவள் டேப்பைத் தொடவில்லை. வெறுமனே வேடிக்கை பார்த்தாள். டெக்னீஷியன் தொழிற்சாலையிலிருந்த எல்லா ரோபோக்களையும் அழைத்துப்போய்க் காட்டினார். பைக்கின் உடற்சட்டத்தை வெல்டிங் செய்யும் பிரிவில் அதே ஆறு மூட்டுக் கைகள், தீப்பொறிக்கு நடுவே வளைந்து நெளிந்துகொண்டிருந்தன. மீட்டர் பிரிவில் ஒன்று, மேசையைத் துடைப்பவள்போல் பக்கவாட்டில் மட்டும் வீசி வீசி, குட்டித் திருகாணிகளைச் செருகியது. தலைக்கு மேல் தண்டவாளத்தில் ஓடி இன்ஜினைத் தூக்கிப்போகும் ஒன்றுக்கு முழங்கையே கிடையாது. முன்னே பின்னே, இப்படி அப்படி, மேலே கீழே, அவ்வளவுதான்.

"இவருக்குச் சட்டையே வேணாம், மடிப்பு வச்ச திரை போதும்" என்றாள் அக்கா.

கடைசியாகப் பொட்டலம் கட்டும் இடத்தில், கூரையிலிருந்து மூன்று ஒல்லிக் கால்களோடு தொங்கிக்கொண்டு ஒரு ரோபோ நட்டுகளைப் பொறுக்கிப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் நாலு நட்டு. எல்லோரும் அதன் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். அக்கா அதன் நடுவே இருந்த தண்டைப் பார்த்தாள். கால்கள் ஆடுகின்றன, சுற்றவில்லை. தண்டு தன்பாட்டுக்குச் சுற்றுகிறது, அந்தச் சுற்று கால்களை எட்டவில்லை.

"அட! சுத்துறது தனி, ஆடுறது தனி!" என்று அவள் கத்தியதில் டெக்னீஷியன் பயந்தே போனார்.

அன்றைக்கே வெட்ட உட்கார்ந்தாள். தோள் முதல் முழங்கை தாண்டி ஒரு சட்டை. மணிக்கட்டுக்கு மட்டும் அதோடு ஒட்டாத ஒரு தனிப் பட்டி. இரண்டும் நான்கு விரல் அகலம் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், ஆனால் தையல் கிடையாது. மணிக்கட்டு எத்தனை சுற்று சுற்றினாலும் பட்டியும் கூடவே சுற்றும், சட்டை சிவனே என்று இருக்கும். துணி ஓரங்களைச் சூடேற்றிய கத்தியால் வெட்டினாள். ஓரம் உருகி ஒட்டிக்கொண்டது, பிரிய ஒரு நூல்கூட மிச்சமில்லை.

சோதனை நாளன்று முந்நூறு டேங்க். காலையிலிருந்து அக்கா, பாதுகாப்புக்காகத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள், உட்காரவில்லை. சோதிக்கிற ஆளிடமிருந்து விளக்கை வாங்கிக்கொண்டு மேற்பார்வையாளர் தானே ஒவ்வொரு டேங்கையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மணிக்கட்டு கீழே போகும்போதெல்லாம் அக்கா அதன் சுற்றுகளை எண்ணினாள். நூறு. இருநூறு. கடைசி டேங்கை அவர் இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, "பெயிண்ட்ல இன்னும் பதினோரு ரோபோ இருக்குக்கா" என்றார்.

வீட்டுக்கு வந்து அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். நாத்தனார் மெஷினை நிறுத்தினாள்.

"எங்க மூணு பேரையும் சேர்த்தா பணயம் வச்சீங்க அண்ணி? ஒரு வார்த்தை சொல்லாம?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டோம்." நாத்தனாருக்குக் கோபத்தில் கண் கலங்கியது. "கூட வந்து நின்னிருப்போம். அங்க ஒத்தையா நின்னீங்களே, அதத்தான் கேக்கறேன்."

ரோபோவை ஜெயித்த பெருமையெல்லாம் அந்த ஒரு பேச்சுக்கு முன்னால் சின்னதாகிவிட்டது. இப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து தைக்கிறோம் என்கிற பெருமைதான் அக்காவுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் நான்கு பேருமாகப் போனார்கள். நான்கு கழுத்திலும் டேப். வேலை மும்முரமாக நடக்கிற நேரம், டேங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மேற்பார்வையாளர் அவர்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"லைனை நிறுத்துப்பா. அளவெடுக்க வந்திருக்காங்க."