கையைத் தூக்கி நின்ற ஓட்டம்

1. போன ஆண்டு எங்கள் ரப்பர் தோட்டத்தின் விளையாட்டு நாளில் பெண்களுக்கான நெடுந்தூர ஓட்டம் முதன்முறையாக நடந்தது.
2. நாங்கள் ஆறு பேர் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தைச் சுற்றிய முள்வேலியின் வாசலை நோக்கி ஓடினோம்.
3. முன்னால் ஓடிய நான் வாசலில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினேன்.
4. பின்னால் வந்த ஐவரும் வரிசையாக நின்று கைகளைத் தூக்கினார்கள்.
5. சோதிக்க யாரும் வரவில்லை.

இது அவசரகாலம். காட்டில் ஒளிந்திருந்து அரசோடு போரிடுபவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாது என்று தினமும் காலையில் அந்த வாசலில் எங்களைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். தோட்ட மருந்தகத்தில் தாதியாக இருக்கும் எனக்கும் அதே வரிசைதான். கைகள் தாமாகவே எழுந்துவிட்டன.

போட்டியை நடத்திய தோட்ட எழுத்தர், எங்கள் கிராணி, முன்பே சொல்லியிருந்தார்: "கோலா சாவா முச்சந்தி வரைக்கும் ஓடிப் போயி, ஓடியே திரும்பணும். பாதிப் பேராச்சும் வராட்டி அடுத்த வருசம் உங்களுக்கு எலுமிச்சம்பழமும் கரண்டியும்தான்."

பயிற்சியைத் திட்டமிட்டவள் நான். ஊரடங்குக்கு முன் மாலையில் வேலியின் உட்புறமாக ஓடுவோம். பால்வெட்டும் பெண்களின் கால்களில் ஒரு குறையும் இல்லை. நெஞ்சு படபடத்தால் உயிர் போய்விடும் என்று பயந்து நின்றுவிடுவதுதான் சிக்கல். அதனால் அவரவர் விரலை அவரவர் மணிக்கட்டில் வைத்து நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். வேகமாக அடிக்கும் நாடி, நின்று மூச்சை இழுத்து விட்டால் இறங்குவதை அவர்களே பார்த்தார்கள். தூரத்தை நினைத்து மலைத்தவர்களிடம், "வெட்டும்போது மொத்த நிரையையுமா பாக்குறீங்க? அடுத்த மரத்தத்தானே?" என்றேன். அதன்பின் அடுத்த வேலிக்கம்பம் வரை என்று ஓடினார்கள். எல்லாம் யோசித்த நான் வாசலை யோசிக்கவில்லை.

காவலுக்கு நின்ற மலாய்க்காரர் தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார்: "ஓடு லா! இன்னைக்கி செக் இல்ல!"

வேலியோரம் நின்ற ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மடியில என்னத்தா, அரிசியா?" என்றான் ஒருவன்.

"ஒங்க வீட்டு அரிசிதான், போயிப் பானையப் பாரு!" என்று திருப்பிக் கொடுத்தார் எங்களில் மூத்த அக்கா. ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. "நின்னதுல நெஞ்சு அடைக்குதும்மா. இதோட போதும். நீங்க போங்க" என்றார்.

அவர் உட்கார்ந்தால் இன்னும் மூவர் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"கையப் பிடிச்சுப் பாருங்கக்கா."

பிடித்தார். நாங்கள் எல்லோரும் பிடித்தோம். வாசலில் ஆறு பெண்கள் தங்கள் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றதைப் பார்த்து ஆண்களின் சிரிப்பு இன்னும் கூடியது.

"எறங்குதும்மா" என்றார் அக்கா.

"அப்போ அந்த வளைவு வரைக்கும் வாங்க. மத்தத அங்க பேசிக்கலாம்."

வளைவில் யாரும் நிற்கவில்லை. வேலிக்கம்பங்கள் இல்லாத சாலையில் ரப்பர் மரங்களைக் குறிவைத்து ஓடினோம். முச்சந்தியில் ஒருத்திக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவளைக் காவல் வண்டியில் ஏற்றினார்கள். மற்ற ஐவரும் ஓடியே திரும்பினோம். அக்கா என்னை முந்திக்கொண்டு மூன்றாவதாக வந்தார்.

இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் பெண்கள் ஓட்டம் இருக்கிறது. பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். காவலர்களிடம் அனுமதி வாங்கி, வாசலை நிற்காமல் கடந்து ஓடவும் பழகிவருகிறோம்.