பொன்னுச்சாமி வாங்கிய பனி டயர்

முதுகுளத்தூர் பொன்னுச்சாமி அபுதாபியில் ஒரு அரபி முதலாளிக்கு டிரைவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் முதலாளிக்குத் தன் பென்ஸ் காரை ஜெர்மனிக்குக் கொண்டுபோய்க் குளிர்காலம் கழிக்க ஆசை வந்தது. பனிக்கேற்ற டயரும் ரிம்மும் வாங்கும் பொறுப்பு பொன்னுச்சாமி தலையில் விழுந்தது.

அபுதாபியின் முசஃபா பகுதி டயர் கடையில் யாழ்ப்பாணத்துக் கனகரத்தினம் விற்பனையாளராக இருந்தார். பொன்னுச்சாமி பளபளப்பான ரிம்மைத் தடவிப் பார்த்தார்.

"அது வேண்டாம் அண்ணை. அங்கை பனி உருக றோட்டிலை உப்புப் போடுவினமாம், அது இதை அரிச்சுப்போடும். இரும்பு ரிம்தான் நல்லம்."

"சரிண்ணே. டயரு வழுக்காதுல்ல?"

"நானும் பனியைக் கண்டதில்லையே!"

பொன்னுச்சாமிக்கு அந்தப் பதில் போதவில்லை. டயரைக் காரில் மாட்டிக்கொண்டு நேரே ஐஸ் கம்பெனிக்குப் போனார். முற்றம் முழுக்க ஐஸ் கட்டிகளைப் பரப்பவைத்து, மேலே காரை ஓட்டினார். ஐஸ் நொறுங்கித் தண்ணீராக ஓடியது. கார் கொஞ்சமும் வழுக்காமல் நின்றது.

விஷயம் கேள்விப்பட்ட முதலாளி வயிறு வலிக்கச் சிரித்து, அவரையும் ஜெர்மனிக்குக் கூட்டிப்போனார். அங்கே பனியில் கார் கம்பீரமாக நின்றது. முதலாளிக்குக் கதவு திறக்க இறங்கிய பொன்னுச்சாமிதான் வழுக்கி உட்கார்ந்தார். முதலாளியே கைகொடுத்துத் தூக்கி, செருப்புக் கடைக்கு அழைத்துப்போனார். அங்கே ஒவ்வொரு பூட்ஸின் அடியையும் திருப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க, பொன்னுச்சாமி அரைநாள் எடுத்துக்கொண்டார்.