எட்டாவது வளைவில் ஒரு பாட்டு

“ஏ பக்கம்: ஒன்று – இருபது, நல்லது. இரண்டு – பதினாறு, நல்லது. மூன்று – பதினொன்று, நொம்ப நல்லது. பி பக்கம்: ஒன்று – இரண்டு, வேண்டாம். இரண்டு – ஐந்து, வேண்டாம். மூன்று – எட்டு.” இந்தக் கடைசி வரிக்கு எதிரே பென்சிலில் ஒரு பெருக்கல் குறி. அதன் மேலேயே நீல மையில் அழுத்தமாக ஒரு டிக். கேசட் பெட்டிக்குள் செருகியிருந்த அட்டையில் எழுதியிருப்பது இவ்வளவுதான். தேதி இல்லை. கிடைத்த காகிதத்தில் எல்லாம் முதலில் தேதியைத் தேடுகிற எனக்கு அது ஒரு குறை.

அட்டையை எழுதியவர் எங்கள் எஸ்டேட் ஜீப்பின் டிரைவர். நான் அங்கே ரைட்டராக இருந்தேன். கூலியாட்களின் வருகைப் பதிவும் கடிதப் போக்குவரத்தும் என் வேலை. வியாழக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் சேலத்துக்கு இறங்குவோம். காலையில் காப்பிக்கொட்டை மூட்டைகளோடு இறக்கம், மாலையில் உர மூட்டைகளோடு ஏற்றம். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அடியிலிருந்து மேலாக எண் போட்டிருப்பார்கள். டிரைவரண்ணன் கேசட்டுகளை அந்த எண்களால்தான் அளந்தார். இருபதாவது வளைவில் ஏ பக்கத்தைப் போடுவார். திரும்பும்போது அடிவாரம் தாண்டியதும் பி பக்கம். எந்தப் பாட்டு எந்த வளைவில் தொடங்குகிறது என்பதையும், அது தேறியதா இல்லையா என்பதையும் அட்டையில் குறித்துவிடுவார்.

இசையமைப்பாளர்களின் பெயர்களை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவர் குழல்காரர். இன்னொருவர் கூட்டக்காரர். அப்போது புதிதாக வந்து எல்லோர் வாயிலும் இருந்தவர் மிசின்காரர். “கூட்டக்காரரு கலியாண ஊட்டுப் பந்தி மாதிரிங்க ரைட்டரே. எல போட்டதும் எல்லாத்தயும் ஒண்ணா கொட்டிருவாரு. எத மொதல்ல திங்கறதுன்னே தெரியாது” என்பார். மிசின்காரரைப் பற்றி, “கெட்டிக்காரருதான். ஆனா மூச்சு உட மறந்துட்டாரு” என்று ஒருமுறை சொன்னார். குழல்காரர்தான் அவருக்கு உயிர். அந்த மூன்றில் இரண்டை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியவில்லை. மிசின்காரர் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. பிற்காலத்து இசைத்தொகுப்புகளில் அவரும் மூச்சு விடக் கற்றுக்கொண்டார். டிரைவரண்ணன் அதையெல்லாம் கேட்டாரா என்று தெரியாது.

அந்தக் காலை இறக்கங்கள் இப்போதும் என் தூக்கத்தில் வருகின்றன. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி பாலாடையைப் போலக் கிடக்கும். எஞ்சின் தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டே இறங்கும். குழல்காரரின் புல்லாங்குழல் ஒரு வளைவில் நம்மை விட்டுப் பிரிந்து பள்ளத்துக்குள் போய், அடுத்த வளைவில் மறுபடி வந்து சேர்ந்துகொள்வதைப் போல இருக்கும். காப்பி பூத்திருக்கும் நாட்களில் பாட்டுக்கும் வாசனைக்கும் எது எல்லை என்றே தெரியாது. டிரைவரண்ணன் ஸ்டியரிங்கின் மேல் ஒரு விரலால் மட்டும் தாளம் போடுவார். பாட்டு பிடித்துவிட்டால் அந்த விரலும் நின்றுவிடும்.

அவருக்கு மாற்ற முடியாத கொள்கை ஒன்று இருந்தது. “எந்தப் பெரிய ஆளா இருந்தாலும் ஏ பக்கத்துலயே உசுர உட்டுடறான். பி பக்கம் சும்மா நாடாவ நெரப்பறதுக்கு.” லாரி டிரைவர்களும் கண்டக்டர்களும் அவரைக் கேட்டுத்தான் கேசட் பதிவு செய்வார்கள். மலைமேல் அவர் ஊரான வெள்ளக்கடையில் பலர் வீட்டில் பி பக்கம் திருப்பப்படாமலே இருந்தது. அவர் வீட்டில் டேப் ரெக்கார்டரே கிடையாது. “ஊட்டுல பாட்டுக் கேட்டா ரோட்டுல தூக்கம் வந்துருமுங்க” என்பார். பாட்டுக் கேட்க அவருக்கு இருந்த ஒரே இடம் அந்த ஜீப்.

என் குவார்ட்டர்ஸில் டேப் ரெக்கார்டர் இருந்தது. மேலே சொன்ன கேசட், குழல்காரர் ஓடாத ஒரு படத்துக்குப் போட்டது. அதை இரவல் வாங்கி வந்து கேட்டேன். பி பக்கம் மூன்றாவது பாட்டு என்னை அப்படியே உட்கார வைத்தது. ஒற்றை வயலின் தயங்கித் தயங்கித் தொடங்கும். வெகுநேரம் கழித்துத்தான் அந்தப் பெண்குரல் வரும். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் பாடுகிறவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கும். குழல்காரர் செய்தவற்றிலேயே உயர்ந்தது அதுதான் என்பது என் கருத்து. இதற்கு எப்படிப் பெருக்கல் குறி விழுந்தது என்று பல நாள் யோசித்தேன். பிறகு ஏழு வியாழக்கிழமைகள், எந்த வளைவில் எந்த கியர், எந்தப் பாட்டு, எவ்வளவு காதில் விழுகிறது என்று டைரியில் குறித்துக்கொண்டே வந்தேன். விடை கிடைத்தது. அதை அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

ஒரு வியாழன் மாலை அடிவாரத்து டீக்கடைக்கார அக்கா, தன் மகளின் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கியில் போடப் பாட்டுகள் கேட்டார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் அந்த மூன்றாவது பாட்டைச் சொன்னேன்.

“அது வேண்டாமுங்க அக்கா” என்றார் டிரைவரண்ணன். “அந்தப் புள்ள என்னமோ முணுமுணுங்குது. பொறத்தால நெல்லு மிசினாட்டம் ஒரே எரைச்சலு. குழல்காரரே அப்படிப் போட்டாருன்னா என்ன பண்றது?”

“அண்ணே, அது நெல்லு மிசின் இல்லீங்க. நம்ம ஜீப்பு” என்றேன்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. நான் டைரியைத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். ஏற்றத்தில், மூட்டை பாரத்தோடு, இரண்டாவது கியரில், எட்டாவது வளைவில் பாட்டு கேட்காது, எஞ்சின்தான் கேட்கும். எல்லாக் கேசட்டுக்கும் இதே கதை. ஒரு கண்டக்டர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “அட சாமி! இத்தன வருசமா எஞ்சினுக்கா மார்க் போட்டுக்கிட்டு இருந்தீங்க?” அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவரண்ணனும் சிரித்தார். ஆனால் டம்ளரில் பாதி டீயை விட்டுவிட்டு எழுந்தார்.

அன்று ஏற்றத்தில் அவர் கேசட் போடவில்லை. அடுத்த வியாழன் இறக்கத்திலும் போடவில்லை. மூன்றாவது வாரம் நானே, “பாட்டு போடலாமேண்ணே” என்றேன். “இருக்கட்டுங்க ரைட்டரே. எஞ்சினே நல்லாத்தான் பாடுது” என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். கோபமே இல்லாத குரல். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவரைப் போலக் கேட்டவர் எங்கள் மலையில் வேறு யாரும் இல்லை. அந்தக் காதை நான் மூடிவிட்டேன். சில மாதங்களில் சேலத்தில் வேறு வேலை கிடைத்து மலையை விட்டு இறங்கினேன். விடைபெற்ற அன்றும் அவர் ஜீப்பில்தான் வந்தேன். இருபது வளைவுகளிலும் காற்றின் சத்தம் மட்டும்.

அவர் இறந்த செய்தி தாமதமாகத்தான் வந்தது. சென்ற மாதம் வெள்ளக்கடைக்குப் போனேன். அவர் மனைவி ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். “ரைட்டருக்குக் குடுத்துருன்னு சொல்லல. ஆனா வேற ஆருக்குங்க குடுக்கறது?” பெட்டியில் இருந்த கேசட்டுகளில், குறி மேல் குறி விழுந்திருந்த அட்டை இது ஒன்றுதான். இந்த டிக்கை எப்போது போட்டார் என்று கேட்டேன். டீக்கடைப் பேச்சுக்குப் பிறகுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்றுவரை அது அவருக்கு நெல்லு மிசின். ஆனால் பிறகு அவர் அதை எங்கே கேட்டிருக்க முடியும்?

“எனக்கெங்கங்க தெரியும், ஊட்டுலதான் டேப்பே இல்லியே” என்றவர், பிறகு சொன்னார். “ஒருக்கா நொம்ப நேரங்கழிச்சு வந்தாருங்க. சட்டையெல்லாம் பனில நனஞ்சு கெடந்துச்சு. ஏனுங்கன்னு கேட்டேன். எட்டாவது பெண்டுல ரேடியேட்டரு கொதிச்சுருச்சு, நிறுத்தி ஆற வெச்சேன்னாரு. அந்தக் குளுர்ல எப்படிங்க கொதிக்கும்? நான் கேக்கல. மூஞ்சி அத்தன நல்லா இருந்துச்சு.”

அது எந்த மாதம் என்று அவருக்கு நினைவில்லை. ஜீப் எங்கே நின்றது, எதற்கு நின்றது என்றெல்லாம் குறித்துவைக்கும் லாக் புத்தகம் ஒன்று இருந்தது. எஸ்டேட் கைமாறியபோது பழைய காகிதங்களோடு அதுவும் போய்விட்டது.

திரும்பும் வழியில் எட்டாவது வளைவைத் தாண்டி, தடுப்புச் சுவரோரம் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். கைபேசியில் அந்தப் பாட்டு இருக்கிறது. இப்போது எந்தப் பாட்டுக்கும் பக்கம் கிடையாது. வயலின் தொடங்கியது. பனி சுவரைத் தாண்டி மெல்ல உள்ளே வந்தது. குரல் வரப்போகிற நேரத்தில் கீழேயிருந்து ஒரு பஸ் இரண்டாவது கியரில் ஏறி வந்தது. வயலினும் குரலும் அந்த இரைச்சலில் கரைந்தன. நெல்லு மிசினேதான். பொய்யாக ஒரு குறியும் அவர் போட்டதில்லை. பஸ் மேலே மறைந்தபோது அந்தப் பெண் இரண்டாம் சரணத்துக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

அட்டையை இப்போது என் குறிப்பேட்டில் ஒட்டியிருக்கிறேன். பெருக்கல் குறிக்கு விளக்கம் எழுதியாயிற்று. டிக்குக்கு எதிரே எழுதியிருப்பது: எட்டாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்ததாக அவர் மனைவி கூறினார். தேதி தெரியவில்லை. காரணம் உறுதி செய்யப்படவில்லை.