நான்காவது சுற்று

நான் முப்பத்தோரு வருடம் தரப் பரிசோதனை வேலையில் இருந்தவன். அளக்காமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. இதுவும் அளந்ததுதான். நேரம், சுற்று, எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். நம்பச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஏன் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

பேய் நள்ளிரவில்தான் வரும் என்று சொல்வார்கள். என் வீட்டுக்கு வந்தது மாலை 5.22க்கு. இன்னும் விளக்குகூடப் போடாத நேரம்.

என் பெயர் மொய்னுதீன். செங்கல்பட்டு. மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் கார் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரைப் பரிசோதிப்பது என் வேலை. கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி இறங்குமே, அந்தக் கருவி. போன டிசம்பரில் ஓய்வு பெற்றேன். அதற்கு முந்தைய மாதம் நடந்தது இது.

நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவளத்திலிருந்து ஏசுபாதம் போன் செய்தார். மீன்பிடிப்பவர். அவருடைய படகு இன்ஜினை நான் இரண்டு முறை சரிசெய்து கொடுத்ததில் பழக்கம்.

"பாய், வலையில இன்னாவோ மாட்டிகினு வந்துகீது. வலை கிழிஞ்சு ஒரே பேஜாரு. நீ வந்து பாத்து இன்னான்னு சொல்லு."

போனேன். மணலில் ஒரு ஆள் நீளத்துக்கு அலுமினியத் தகடு. சேறும் சிப்பியும் அப்பியிருந்தன. ஜன்னல் சட்டத்தின் வளைவைப் பார்த்ததும் கையால் சேற்றை வழித்தேன். பழைய போர் விமானப் புத்தகங்களில் ஐம்பது தடவை பார்த்த வளைவு.

"அண்ணாத்த, இது விமானம். சண்டை விமானம். அமெரிக்காக்காரனோடது."

"இன்னாது? நான் மீன் புடிக்கப் போனா ஏரோப்ளேன் புடிச்சிகினு வந்துட்டனா?"

அவர் சிரித்தார். நான் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தேன். அது என் வியாதி. இரண்டு துடுப்புகளை எடுத்து மணலில் இணையாக வைத்தேன். இவை இரண்டும் இரண்டு உடல்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு இன்ஜின். நடுவில் ஒரு சின்னக் கூண்டு. அதில் ஒரே ஒரு விமானி. துடுப்புகளின் பின்முனையில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தேன். இது வால். 'லைட்னிங்' என்று பெயர். துப்பாக்கிகளை எடுத்துவிட்டு மூக்கில் கேமரா வைத்தும் ஓட்டினார்கள். எதிரி ஊரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு.

ஏசுபாதம் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் எப்டி பாய் குதிப்பான்? எகிறினா இந்தக் கட்ட வந்து மண்டையில அடிக்குமே?"

சரியான கேள்வி. விமானிகள் பயந்ததும் அதற்குத்தான். மேல் மூடியைக் கழற்றி, பக்கத்துக் கண்ணாடியைக் கைப்பிடியால் சுற்றி இறக்கி, இறக்கைமேல் ஊர்ந்து, வழுக்கி விழவேண்டும். அப்போதுதான் வால் மேலே போய்விடும். கடலில் இறங்கினாலும் வெளியேறும் வழி அதேதான்.

"கைப்பிடியா? கார் மாரியா?"

"கார் மாரியேதான்."

சொல்லிக்கொண்டே சிப்பியைத் தட்டினேன். ஒரு கட்டி உடைந்தது. உள்ளே கைப்பிடி. முனையில் கறுப்புக் குமிழ்.

குமிழைச் சுற்றி... நான்கு எலும்புகள்.

வளைந்து, பிடித்தபடி, சுண்ணாம்பாய் ஒட்டிப்போய்.

ஏசுபாதம் சிலுவை போட்டுக்கொண்டார். "பாய்... வெரலு மாரி கீது. ஃபாதர்கிட்ட சொல்லி பொதைக்கணும். போலீசுக்கும் சொல்லணும்."

எனக்கும் அது விரல் என்றுதான் தெரிந்தது. ஆனால் போலீஸ் வந்தால் அந்தக் கைப்பிடி என் கைக்கு வராது. எண்பது வருடத்துக்கு முந்தைய ரெகுலேட்டர் கைப்பிடி! என் பிரிவு உபசார நாளில் மேசைமேல் வைத்து எல்லோருக்கும் விளக்கலாம் என்று அதற்குள் மனதில் படமே ஓடிவிட்டது.

"ஆமை" என்றேன்.

அதோடு நிறுத்தவில்லை. ஆமையின் துடுப்புக்குள் ஐந்து விரல் எலும்புகள் உண்டு, மனிதக் கை போலவே நீளமாக இருக்கும், துடுப்பு இதில் சிக்கியிருக்கிறது, ஒரு எலும்பு உதிர்ந்திருக்கும் என்று பொறுமையாக, வரைபடம் போட்டு, விளக்கினேன். ஆமையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. அதனால்தான் அது அவ்வளவு பெரிய பொய்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ படிச்சவன் பாய். நீ சொன்னா சரிதான்."

சின்னச் சுத்தியலால் நான்கு தட்டு. நான்கும் கழன்றன. முட்டுக்காட்டுத் தண்ணீர் கடலில் சேரும் முகத்துவாரத்தில் நானே போய் அவற்றைப் போட்டேன். கைப்பிடியைத் துணியில் சுற்றி எடுத்துவந்தேன்.

வீட்டில் ஒரு பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, கார் கதவுக் கண்ணாடியும் புது ரெகுலேட்டரும் பொருத்தினேன். பழைய கைப்பிடியின் துளை பெரிது. இடைவெளியை நிரப்ப ஒரு புஷ், அதாவது சின்ன உலோக வளையம், கடைந்து சேர்த்தேன். கச்சிதம். ஆறு சுற்றில் கண்ணாடி முழுதாக இறங்கும். மெழுகு மாதிரி இறங்கும்.

ஒன்றை மட்டும் இங்கே விளக்கிவிடுகிறேன். இது புரியாவிட்டால் மற்றது புரியாது. கண்ணாடி கனமானது. ஆனாலும் தானாக இறங்குவதில்லை. ஏன்? கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு சுருள் கம்பி. கண்ணாடியின் கனம் தள்ளினால் சுருள் விரிந்து கிண்ணத்தைக் கவ்விக்கொள்ளும். பூட்டு. கைப்பிடியைச் சுற்றினால் சுருள் சுருங்கிப் பிடியை விடும். திறப்பு. அதாவது, கண்ணாடியை எவ்வளவு அழுத்தினாலும் அது இறங்காது. ஒரு கை சுற்றினால்தான் இறங்கும்.

முப்பத்தோரு வருடம் நான் சோதித்தது அந்த ஒன்றைத்தான்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. மூன்று சுற்று. என் மனைவி அக்தர் பேகத்தைக் கேட்டேன்.

"நான் எங்க தொட்டேன்? அஞ்சே காலுக்கு மேல கிர்ர்னு ஒரு சத்தம் வந்துச்சு. நீங்க வந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

ஏற்றி வைத்தேன். புதன்கிழமையும் பாதி. மூன்று சுற்று. மகள் இனாயா கல்லூரிக்குப் போகிறவள். அவளைத் திட்டினேன்.

"எனக்கு வேற வேல இல்லியா அத்தா? அந்த ரூம்ல கருவாட்டு நாத்தம் அடிக்குது, நான் அந்தப் பக்கமே போறதில்ல."

எனக்கு நாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் பலகையின் கீழே தரை ஈரமாக இருந்தது. மழை ஒழுகுகிறதோ என்று மேலே பார்த்தேன். கூரை காய்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

ரெகுலேட்டரை மாற்றினேன். வேறொன்று, அதுவும் புதிது. கண்ணாடியின் மேல் பத்து கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டு இரவு முழுக்க விட்டேன். ஒரு இழைகூட இறங்கவில்லை.

வியாழன். பாதி. மூன்று சுற்று.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டேன். எங்கள் வேலையில் ஒரு நீலப் பசை உண்டு. இரண்டு பாகங்கள் எங்கே தொடுகின்றன என்று பார்க்க மெல்லிசாகத் தடவுவோம். தொட்ட இடத்தில் நீலம் போய்விடும். கைப்பிடிக் குமிழ் முழுக்க அந்த நீலத்தைத் தடவினேன். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கையில் கடிகாரம்.

5.15. வெளியே மழை. வெளிச்சம் சாம்பலாக இருந்தது.

5.19. சமையலறையில் அக்தர் கழுவும் பாத்திரச் சத்தம்.

5.21. பாத்திரச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நின்றதா, காதுதான் அடைத்ததா, தெரியாது. தண்ணீருக்குள் மூழ்கினால் காது அடைக்குமே... அப்படி.

5.22.

குமிழ் அசைந்தது.

மெதுவாக. மிகவும் கஷ்டப்பட்டு.

கிர்ர்...

ஒரு சுற்று.

காற்று இல்லை. நூல் இல்லை. நான் எட்டடி தள்ளி இருந்தேன்.

கிர்ர்...

இரண்டு.

கண்ணாடி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் சுவர். முன்னால் யாரும் இல்லை. ஆனால் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல ஒரு வட்டம் படிந்தது. உள்பக்கமாக, கைப்பிடி இருக்கும் பக்கத்தில்.

மூன்று.

டக்.

வழுக்கியது. குமிழ் நின்றது. மறுபடி அசைந்தது.

டக்.

வழுக்கியது.

டக்... டக்... டக்...

வேகம் கூடியது. சுற்றத் தெரியாத வேகம் அல்ல. சுற்றத் தெரிந்தும் முடியாத வேகம்.

பிறகு நின்றது.

அடுத்துக் கேட்டது, சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம். கடிகாரத்தைப் பார்த்தேன். 5.23.

எழுந்து போய்க் குமிழைப் பார்த்தேன். பிடித்துச் சுற்றியிருந்தால் நீலம் நாலாபக்கமும் போயிருக்கவேண்டும். போகவில்லை. மேலே ஒரு இடத்திலும், பக்கவாட்டில் ஒரு சின்ன இடத்திலும் மட்டும் போயிருந்தது. உள்ளங்கையால் தள்ளியிருக்கிறது. பிடிக்கவில்லை.

கண்ணாடியின் உள்பக்கத்தில் நீலமாக ஒரு தடம். இடது கை.

உள்ளங்கை. கட்டைவிரல்.

அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று மட்டும் நான் குறிக்கவில்லை. அக்தர் கதவருகே வந்து நின்றாள். தடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இது எங்கேந்து எடுத்தது?"

சொன்னேன். ஆமை என்று சொன்னதையும் சொன்னேன். முகத்துவாரத்தையும் சொன்னேன்.

"மய்யித்தா? செத்த மனுசனோட ஒடம்பா?" என்றாள். "ஊர்ல யார் வூட்டு மய்யித்துன்னாலும் மொத ஆளா போய்த் தோள் குடுப்பீங்களே... இதுக்கு மட்டும் சுத்தியல் எடுத்தீங்களா?"

அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தரை ஈரத்தைத் துடைக்க உட்கார்ந்தாள். நான் துணியை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

அன்றே கைப்பிடியைக் கழற்றினேன். மறுநாள் விடிந்ததும் கோவளம். ஏசுபாதம் வலை பின்னிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"ஆமை இல்லன்னு சொல்ல வந்தியா?"

"உங்களுக்கு..."

"வாரத்துக்கு ரெண்டு ஆமைய வலையிலேர்ந்து எடுத்து வுடறவன் நானு. எனக்கா ஆமை வெரலு தெரியாது? நீயே வந்து சொல்லுவேன்னு பாத்தேன் பாய். ஆறு நாளாச்சு."

"ஏன் அண்ணாத்த அப்பவே சொல்லல?"

"அத்தினி அயகா வெளக்கினுகீறே. உன் மொகத்துக்கு நேரா எப்டி சொல்றது?"

இருவரும் முகத்துவாரத்துக்குப் போனோம். ஐந்து நாள் மழையில் மணல்திட்டு உடைந்து, தண்ணீர் காவியாய்க் கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் மதியம்வரை மணலை அள்ளிச் சல்லடையில் சலித்தோம். சிப்பிதான் வந்தது. தகடு கிடைத்த இடத்துக்கும் படகில் போனோம். கல் கட்டிய கயிற்றை இறக்கினோம். வெறும் சேறு.

கைப்பிடியையும் தகட்டையும் காவல் நிலையத்தில் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விரல்களைப் பற்றியும் எழுதினேன். எழுத்தர் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார்.

அதன்பின் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. பிரிவு உபசார நாளில் நான் எதையும் விளக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காணாமல்போன விமானிகளைத் தேடும் முதியவர் ஒருவருக்கு எழுதியிருந்தேன். அவர் பழைய அறிக்கை ஒன்றின் நகலை அனுப்பியிருந்தார். 1944 நவம்பர். படம் எடுக்கும் லைட்னிங் இரண்டு திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒன்றில் இரண்டு இன்ஜின்களும் அடுத்தடுத்து நின்றன. மதராஸுக்குத் தெற்கே கடலில் இறங்கியது. மற்ற விமானி தாழப் பறந்து வட்டமிட்டார். அவர் எழுதியது: விமானம் மிதந்தது. அவன் உயிரோடு இருந்தான். இடது கண்ணாடி இறங்கிக்கொண்டிருந்தது. பாதி இறங்கியபோது அலை மூடியது. நேரம் மாலை 6.22.

விமானியின் பெயரும் இருந்தது. வயது இருபத்து மூன்று. குடும்பத்தில் அவனை இன்னும் தேடிக்கொண்டிருப்பது அவனுடைய தங்கையின் மகள். அடக்கம் செய்ய ஒரு எலும்பு இருந்தால்கூடப் போதுமாம். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

6.22. என் வீட்டில் 5.22. ஒரு மணி நேரம் பொருந்தவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படியென்றால் அவன் இல்லை. வேறு ஏதோ. நானே கற்பனை செய்திருப்பேன். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள்தான் நகலின் அடியில் அந்த முதியவர் பென்சிலால் எழுதியிருந்த வரியைக் கவனித்தேன். உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை, இந்தியாவின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அன்றைய 6.22, நம் கணக்கில் 5.22.

பலகை இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறது. அந்தக் கைப்பிடி இல்லை, புதிது ஒன்று போட்டிருக்கிறேன். தினமும் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அதன் எதிரே போய் உட்காருகிறேன். வந்தால் நான் சுற்றி விடலாம் என்று. அவன் வருவதில்லை.

அவனுக்கு வேண்டியிருந்தது இன்னும் மூன்று சுற்று. என் கண்ணாடி மெழுகு மாதிரி இறங்கும். எண்பது வருடம் கழித்து நல்ல ரெகுலேட்டர் கிடைத்தது.

விரல்கள்தான் இல்லை.